காப்பகங்களில் தீப் பாதுகாப்பு ஆய்வு: தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தால் போதாது, ஆளை எண்ண வேண்டும்

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, அம்மாவையோ அப்பாவையோ பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்க்கும்போது சாப்பாடு எப்படி, டாக்டர் வருவாரா, மாதம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். தீப் பாதுகாப்பு ஆய்வு நடந்திருக்கிறதா என்று கேட்பவர் அரிது. அவசியம் கேட்க வேண்டும். கேட்டால் இல்லத்தார் கோபப்படுவார்களோ என்ற தயக்கமே தேவையில்லை.

முதலில் சட்டம். இல்லத்தில் தங்குபவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மனநலக் காப்பகத்துக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குழந்தைகள் இல்லத்துக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பெண்கள் விடுதிக்கும் இல்லத்துக்கும் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம். முதியோர் விஷயத்தில் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம். இல்லத்தைப் பதிவு செய்யப் போனால் கேட்கும் தாள்களில் தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமம் (‘படிவம் டி’), கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றோடு தீயணைப்புத் துறையின் சான்றும் உண்டு. இந்தக் கடைசித் தாளைத்தான் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த முகவரிக்கு, எத்தனை மாடிக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பின்னால் ஒரு மாடி எழுப்பியிருந்தால் பழைய சான்று அந்த மாடிக்குப் பேசாது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) முதியோர் இல்லத்தைச் சாதாரண வீடாகக் கணக்கில் எடுப்பதில்லை. மருத்துவமனை இருக்கும் ‘சி’ பிரிவிலேயே அதையும் வைத்திருக்கிறது. தானாக எழுந்து ஓட முடியாதவர்கள் தங்கும் இடம் என்பதுதான் காரணம். இது காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. நம்மூரில் நடப்பது வேறு. தார்சா என்ற முன்கட்டு, பட்டாசல் என்ற கூடம், அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, பட்டாசலில் எட்டுக் கட்டில் போட்டால் இல்லம் தயார். அடுக்களையில் கேஸ் அடுப்பு. புறவாசல் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையும் உடைந்த வீல்சேரும். அடுக்களையில் தீப்பிடித்தால் புறவாசல் பக்கம் போக முடியாது, மிஞ்சுவது தெருவாசல் ஒன்றுதான்.

அந்தத் தெருவாசலில் கிரில் கேட், அதில் பூட்டு. ஞாபகம் தவறிய பெரியவர்கள் நடுராத்திரி எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்கள், அதற்காகப் பூட்டுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சாவி எங்கே இருக்கிறது? நடத்துபவர் வீட்டில் இருந்தால் அந்தப் பூட்டே ஆளைக் கொல்லும். சாவி எந்நேரமும் ராத்திரி டியூட்டி பார்க்கும் அக்காவின் இடுப்பில் இருக்க வேண்டும். இன்னொன்று கேட் பக்கத்திலேயே, பணியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். அறைகளுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இருக்கவே கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஏர்வாடி. நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்றைய மனநலச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. சங்கிலியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. பூட்டிய கிரில்லை நாம்தான் கவனிக்க வேண்டும்.

சரி, ஆய்வு என்றால் என்ன? சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவது ஆய்வு இல்லை. சிலிண்டர் வேண்டும்தான். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும், நிரப்பிய தேதி அட்டையில் இருக்க வேண்டும், அதன்மேல் துண்டு காயப்போடக் கூடாது. இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. உண்மையான ஆய்வு ஆட்களை எண்ணுவதில் தொடங்குகிறது. தானே நடப்பவர் எத்தனை பேர், கைபிடித்தால் நடப்பவர் எத்தனை பேர், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியவர் எத்தனை பேர்? இரவு பணியில் இருப்பவர் எத்தனை பேர்? படுக்கையில் கிடக்கும் ஒருவரை இறக்கி வாசல் சேர்க்க மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குப் பதினெட்டு நிமிடம். ஒரே ஒரு அக்கா. புகை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் மற்ற முடிவுகள் தானாக வரும். படுக்கையில் இருப்பவர்கள் தரைத்தளத்தில், வாசலை ஒட்டி. மாடியில் நன்றாக நடப்பவர்கள் மட்டும். இரவில் இரண்டாவது ஆள். எல்லோரையும் தெருவுக்குக் கொண்டுவர முடியாவிட்டால், தீ இருக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு, கனமான கதவு உள்ள இன்னொரு பகுதிக்குப் படுக்கை விரிப்போடு இழுத்துப் போவது. லிஃப்ட் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது லிஃப்டுக்குள் சிக்கி மூச்சுமுட்டி உயிர் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கதவைச் சாத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று இருக்கிறது. 2004 ஜனவரி 31 அன்று ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில், மின் பலகை இருந்த அலமாரியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பல படுக்கையறைக் கதவுகள் திறந்து கிடந்தன, அவற்றின் வழியே புகை உள்ளே போனது. ஒழுங்கான தீ ஆபத்து ஆய்வு நடந்திருந்தால் அந்தச் சாவுகளில் சிலவற்றையாவது தவிர்த்திருக்கலாம் என்று 2011-இல் விசாரணை முடிவு சொன்னது. நம் இல்லங்களில் மெயின் பலகையும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கும். அதே இடத்தில் பழைய மெத்தையையும் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த மெத்தைகளை இன்றே அப்புறப்படுத்துங்கள். ஃபோம் மெத்தை எரிந்தால் வரும் புகை தீயைவிட மோசம்.

ஆக்ஸிஜன் கருவி ஓடும் அறையில் ஊதுபத்தி, கொசுவத்தி, சாமி விளக்கு எதுவும் ஆகாது. பெரியவர்களுக்கு விளக்கேற்றாமல் மனசு கேட்காது, அதனால் விளக்குக்கு வேறு இடம் ஒதுக்கிக் கொடுங்கள். வெந்நீர்க் கம்பியை வாளியில் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். காது கேளாதவர்கள் இருந்தால் மணி அடித்துப் பயனில்லை. அவர்கள் அறையில் மின்னும் விளக்கு வேண்டும், அவர்களை எழுப்பும் பொறுப்பு இன்னாருக்கு என்று எழுதியும் வைக்க வேண்டும்.

இல்லம் நடத்துபவர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போக அஞ்ச வேண்டாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் துறையினர் செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள். உங்கள் இல்லத்துக்கும் வரச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பகலில் சமையல் அம்மா வரை எல்லோரும் கூடி நிற்கும்போது செய்யும் ஒத்திகையோடு, இரவில் டியூட்டி ஆளை மட்டும் வைத்தும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

குடும்பத்தார் கேட்டும் இல்லத்தார் சான்றைக் காட்டவில்லையா? கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தையும், மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்றால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் முதியோருக்கான 14567 எண்ணில் பேசலாம். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், இன்ன இல்லத்துக்குச் சான்று தரப்பட்டதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், என்ன குறை எழுதினார்கள் என்று தீயணைப்புத் துறையிடமே கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ‘பாதுகாப்பு சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘இரவில் கிரில் கேட் பூட்டப்படுகிறது, சாவி உள்ளே இல்லை, நடக்க முடியாத ஐந்து பேர் மாடியில் இருக்கிறார்கள்’ என்று கண்டதைக் கண்டபடி எழுதி, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.