ராப்டர்: இரைகவர் பறவை

இலங்கையின் மலையகத்தில் கமராவும் நீண்ட வில்லையுமாகப் பறவை பார்க்கப் போகும் நண்பர்கள், பருந்தையோ கழுகையோ படமெடுத்துவிட்டுத் திரும்பினால், "இன்றைக்கு ஒரு ராப்டர் கிடைத்தது" என்றே சொல்வார்கள். பறவையின் பெயர் தெரியாதபோது இந்தச் சொல் கைகொடுக்கிறது. தெரிந்தபோதும் பழக்கத்தால் அதுவே வாயில் வருகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு நிகராகத் தமிழில் எதைச் சொல்லலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

ராப்டர் இலத்தீன் சொல். 'ராபெரே' என்ற வினைக்குப் பறித்தல், வலிந்து கவர்ந்து செல்லுதல் என்று பொருள். அவ்வினையிலிருந்து பிறந்த ராப்டர், தொடக்கத்தில் கொள்ளையிடும் மனிதனைக் குறித்தது; வளைந்த அலகும், இரையைப் பற்றி இறுக்கும் கால்களும் கொண்ட பறவைகளுக்குப் பின்னர்தான் பெயராயிற்று. சிறுவர்களும் அறிந்த வெலோசிராப்டர் என்ற டைனோசரின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. விரைந்து கவர்வது என்பது அதன் பொருள்.

தமிழில் இதற்கு வேட்டைப் பறவை, ஊனுண்ணிப் பறவை, கொன்றுண்ணிப் பறவை என்ற சொற்கள் வழங்குகின்றன. கொன்றுண்ணி என்பதே எழுத்தில் பெரிதும் காணப்படுகிறது. அதைப் பிழை என்று தள்ள மாட்டேன். ஆயினும் அது இப்பறவைகளின் தனித்தன்மையைத் தொடவில்லை என்பது என் எண்ணம். நீரோடையில் மீனைக் கவ்வித் தூக்கும் மீன்கொத்தியும், வயலில் தவளை பிடிக்கும் கொக்கும் கொன்றுதான் உண்கின்றன. மறுபுறம், தேன்பருந்து குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்று பெரும்பாலும் வாழ்கிறது. அதைக் கொன்றுண்ணி என்று சொல்ல நா தயங்குகிறது. மீன்கொத்திக்கும் கொக்கிற்கும் அலகே ஆயுதம், இவற்றுக்கோ காலே ஆயுதம். ராப்டர் என்ற சொல் உண்பதைப் பற்றிப் பேசவில்லை, கவர்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே 'இரைகவர் பறவை' என்ற வினைத்தொகையே மூலத்தின் பொருளுக்கு நெருக்கமாகவும் கேட்டவுடன் விளங்குவதாகவும் இருக்கிறது. இரவில் வேட்டையாடும் ஆந்தையையும் கூகையையும்கூட இச்சொல் இயல்பாக உள்ளடக்கும்.

காலால் கவர்வதைப் பழந்தமிழர் நுணுகிக் கண்டிருக்கிறார்கள். புறாவைக் காத்த சோழனின் கதையைச் சொல்லும் புறநானூற்றின் 43ஆம் பாடல், பறவையை 'கூருகிர்ப் பருந்து' என்கிறது. உகிர் என்றால் நகம். அதே அடியில் 'பருந்தின் ஏறு' என்று வருகிறது. ஏறு என்பது பாய்ந்து தாக்குதல். நன்னூலோ இலக்கணத்தையே இப்பறவையைக் கொண்டு விளக்குகிறது. சூத்திரங்கள் அமையும் முறைகளில் ஒன்றுக்கு அது தரும் உவமை 'பருந்தின் வீழ்வு'. உயரத்தில் திரியும் பருந்து வேண்டிய இரையின்மேல் நேரே விழுந்து அதை எடுத்துக்கொண்டு அகல்வதுபோல, சொல்ல வேண்டிய பொருளை மட்டும் எடுத்துச் சொல்லி நீங்கும் சூத்திரம் அது. இன்று படம் எடுப்பவர்கள் 'டைவ்' என்று சொல்கிறார்களே, அதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வைக்கப்பட்ட பெயர் 'வீழ்வு'. பொரி வல்லூறு மலைமுகட்டிலிருந்து இறக்கையை மடக்கி மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்குவதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பொதுப்பெயர் ஒருபுறம் இருக்க, படத்தின் கீழே எழுதும் தனிப்பெயர்களில்தான் குழப்பம் மிகுதி. பருந்து பழைய திராவிடச் சொல். மலையாளத்தில் அப்படியே பருந்து, கன்னடத்தில் ஹத்து. கோயில் குடமுழுக்கின்போது வானில் வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்து இவ்வினத்தைச் சேர்ந்தது. பொரி போன்ற அடைமொழி இல்லாமல் வல்லூறு என்றால், அது குறுகிய இறக்கையோடு மரங்களுக்கிடையே புகுந்து பறக்கும் சிறிய பறவை. இராசாளி தலையில் கொண்டையுள்ள பெரிய பறவை. சிங்களத்திலும் அது ராஜாலியாதான்.

கழுகு என்ற சொல்லின் கதை வேறு. தமிழ்நாட்டில் கழுகு என்றால் நெடுங்காலமாகச் செத்த மாட்டின்மேல் கூடும் பறவையே முதலில் நினைவுக்கு வரும். எருவை, பாறு என்றும் அதைச் சொன்னார்கள். இலங்கையிலோ பிணந்தின்னிக் கழுகுகள் குடியிருப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள். இங்கே அது இறங்குவதற்கு உரிய பறவை இல்லாமல், உயிருள்ள இரையைத் தேடும் பெரிய பறவைகளின் மேல் அமர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆகவே இலங்கையில் எழுதும்போது கழுகு என்று மட்டும் எழுதினால் போதாது. பாம்புக் கழுகு, கருங்கழுகு என்று அடைமொழி சேர்த்தே எழுத வேண்டும்.

கருங்கழுகை எனக்குக் காட்டித் தந்தவர் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. நான் பருந்து என்று சொல்லிக் கமராவைத் தூக்கியபோது அவர், "பருந்துன்னா மேல வட்டம் போடும் தம்பி. இது நாங்க கொழுந்து எடுக்கிற மாதிரி மரத்து மேலேயே தடவிக்கிட்டுப் போகுது பாருங்க" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. கருங்கழுகு மர உச்சிகளை ஒட்டி மிக மெதுவாக மிதந்து, கூடுகளிலுள்ள முட்டையையும் குஞ்சையும் தேடும். இறக்கை நுனி இறகுகள் விரித்த விரல்கள்போல் பிரிந்திருக்கும். உடல் முழுவதும் கறுப்பு, அலகின் அடியும் பாதங்களும் மட்டும் மஞ்சள். வெண்மூடுபனியின் முன்னால் அது வரும்போது கமரா பனியின் வெளிச்சத்தையே கணக்கில் எடுத்துப் பறவையை வெறும் நிழலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைத்தால்தான் அந்த மஞ்சள் பாதம் தெரியும். காலை ஒன்பது மணிக்குப் பின் வெயில் சரிவுகளைச் சூடாக்கிக் காற்று மேலெழத் தொடங்கும் நேரமே இதற்கு ஏற்றது.

பாதம் தெரியவேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் மரத்தில் அமர்ந்த ஒரு பறவையைக் கொண்டையைப் பார்த்து இராசாளி என்றே நான் எழுதிவைத்திருந்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இராசாளிக்கு விரல்களின் தொடக்கம் வரை கால்களை இறகு மூடியிருக்கும். என் படத்திலோ கால் இறகில்லாமல் மஞ்சள் செதில்களோடு இருந்தது, கண்ணைச் சுற்றியும் மஞ்சள் தோல். அது கொண்டைப் பாம்புக் கழுகு. படத்தின் கீழிருந்த பெயரை அன்றே மாற்றி எழுதினேன்.