பிறப்பு, இறப்புப் பதிவு: பதிவாளர் மேசையில் இருந்தவனின் சில யோசனைகள்

நகராட்சி என்றதும் குப்பை, குடிநீர், சொத்து வரி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அதே கட்டடத்தின் சுகாதாரப் பிரிவில், ஓர் இரும்பு பீரோவுக்குள், ஊரில் பிறந்தவர்கள் இறந்தவர்கள் அனைவரின் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு நகராட்சிகளில் பெரும்பாலும் இதற்கென்று தனி அதிகாரி கிடையாது. விடிகாலையில் துப்புரவுப் பணியாளர்களின் வருகையைக் குறித்துவிட்டு, கொசுப்புழு ஒழிப்பைப் பார்வையிட்டு, நாய்த்தொல்லை மனுவுக்குப் பதில் எழுதும் சுகாதார ஆய்வாளர்தான் பிறப்பு, இறப்புப் பதிவாளரும். அந்த மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: காலை பத்து மணிக்கு வந்து "சீட்டில் ஆளே இல்லை" என்று கொதிக்க வேண்டாம். அவர் ஏதாவதொரு வார்டில் சாக்கடை ஓரம் நின்றுகொண்டிருப்பார். மதியத்துக்கு மேல் வாருங்கள்.

பதிவாளர் பிரசவ அறையில் நிற்பதில்லை. இறந்தவரின் கட்டிலருகே இருப்பதும் இல்லை. யாரோ ஒருவர் சொன்னதை எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான். திருத்தம் கேட்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் தொடங்கிய இடம் நகராட்சி அலுவலகம் அல்ல. முதல் தகவல் சொல்லப்பட்ட அந்தச் சில நிமிடங்களில்தான் தொடங்கியிருக்கும்.

மருத்துவமனையில் நடக்கும் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டப் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவருடையது. ஆனால் மருத்துவமனை அனுப்பும் விவரத்தை அவர்களுக்குச் சொன்னவர் யார்? தாய் மயக்கம் தெளியாமல் படுத்திருப்பார். தகப்பனார் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். வார்டுக்கு வெளியே காப்பி ஃபிளாஸ்க்குடன் நிற்கும் தாய்மாமன் கண்ணில் படுவார், அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவரும் மச்சானை வீட்டில் எப்படி அழைப்பார்களோ அப்படியே 'செல்வம்' என்று சொல்வார். ஆதாரில் இருப்பதோ செல்வகுமார். பள்ளியில் சேர்க்கும்போது இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் மொத்தக் குடும்பமும் நகராட்சிப் படியேறும்.

ஆகவே பிரசவத்துக்குப் போகும் பையிலேயே பெற்றோர் இருவரின் ஆதார் நகலையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த 12 இலக்க எண்ணையும் வைத்துவிடுங்கள். செவிலியர்கள் 'பிக்மி நம்பர்' என்று கேட்பது இந்த எண்ணைத்தான். வீடு திரும்பும் முன், என்ன விவரம் பதியப்போகிறது என்று கேட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தாய், தகப்பன் பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி இருக்கின்றன, குழந்தை ஆணா பெண்ணா, தேதி என்ன, முகவரி என்ன என்று பார்த்தால் போதும். குழந்தையின் பாலினமே மாறிப் பதிவான படிவங்களை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

தேதியில் நம் ஊருக்கே உரிய ஒரு தகராறு உண்டு. பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. பதிவேட்டுக்கு நள்ளிரவு 12 மணிக்கு. செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் திங்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்து, தேதியை ஒருநாள் முன்னால் மாற்றித் தரும்படி வாதாடுவார்கள். ஜோதிடர் எழுதியதும் சரி, மருத்துவமனை எழுதியதும் சரி. பதிவேட்டில் நிற்பது மருத்துவமனைத் தேதிதான்.

அடுத்தது குழந்தையின் பெயர். இதில்தான் மக்கள் தேவையில்லாமல் அவசரப்படுகிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்காமலேயே பிறப்பைப் பதியலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோர் வந்து சொன்னால் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும், தாமதக் கட்டணம் செலுத்தி, 15 ஆண்டுகள் வரை சேர்க்க முடியும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்ட பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு. 'யாழினி'யை 'மகிழினி' ஆக்குவது வேறு. கேட்கிறார்களே என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு பெயர் எண் கணிதம் பார்ப்பவரிடம் போய்விட்டு, பதினைந்தே நாளில் திரும்பி வருபவர்கள் ஏராளம். தாத்தாவின் பெயரா குலசாமியின் பெயரா என்று வீட்டில் முடிவாகவில்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஆனால் காலியாக விட்டவர்கள் அதை மறந்துவிடக் கூடாது. பெயரில்லாத சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, மகள் பிளஸ் டூ முடித்த பிறகு எடுத்துப் பார்த்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அப்போது 15 ஆண்டு கடந்திருக்கும். பழைய பதிவுகளுக்கு அரசு சில முறை கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது என்பது உண்மைதான். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தலைப்பெழுத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். தகப்பனார் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. குழந்தையின் பெயரோடு தலைப்பெழுத்தை ஒட்டி எழுதினால், பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதச் சொல்லும்போது தலைவலி தொடங்கும். சாதியைப் பதியச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் அதற்கு இடமே இல்லை, இருக்கவும் வேண்டாம். பெற்றோரின் மதம், படிப்பு, தொழில் போன்றவை படிவத்தின் புள்ளிவிவரப் பகுதிக்காகக் கேட்கப்படுகின்றன. சான்றிதழுக்கு வருவது சட்டப் பகுதி மட்டுமே.

எந்த ஊர்ப் பதிவேட்டில் தேடுவது என்பதில்தான் அலைச்சல் அதிகம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. குடியிருக்கும் ஊருக்கும் ரேஷன் அட்டை உள்ள ஊருக்கும் இதில் வேலையில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பெண்ணின் ஊர் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தகப்பனாரின் ஊர் நகராட்சியில் வந்து சான்றிதழ் கேட்பார்கள். எங்கள் ஏட்டில் இல்லை என்றதும் "இந்த ஊரில் மூன்று தலைமுறையாக வரி கட்டுகிறோம்" என்று சண்டை. உள்ளூர் அரசு மருத்துவமனையில் சேர்த்து, நிலைமை மோசமானதால் நள்ளிரவில் 108-இல் ஏற்றி மதுரைக்கு அனுப்பியிருந்தால், பதிவு மதுரை மாநகராட்சியில் இருக்கும். போகும் வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டால்? வண்டி முதலில் நிற்கும் இடத்தில் அதன் பொறுப்பாளர் தகவல் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் வீடு திரும்பும்போது தந்த சீட்டிலும் மருத்துவமனையின் பெயர் இருக்கும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினாலே பாதி அலைச்சல் மிச்சம்.

திருத்தம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அதை ஏன் எளிதாகச் செய்துதர மாட்டேன் என்கிறார்கள் என்பதும் புரியும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, பதிவேட்டில் முதலில் எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துப்பிழை அளவில் இல்லாமல் உண்மை விவரமே தவறாக இருந்தால், விவரம் அறிந்த, நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழியும் வேண்டும். திருத்தத்துக்கான ஆதாரம் பிறப்புக்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருந்தால்தான் பதிவாளருக்குத் துணிவு வரும். போன மாதம் மாற்றிய ஆதார் அட்டையைக் காட்டி, எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவை மாற்றச் சொன்னால் தயங்கத்தான் செய்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் தயங்குவார்கள்.

இதற்கெல்லாம் இப்போது ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்தை மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். நம் தலைமுறையில் கதை வேறு. தலையைச் சுற்றிக் கையை நீட்டிக் காதைத் தொடச் சொல்லி, வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்; பள்ளிச் சான்றிதழை வைத்தே காலம் ஓடிவிட்டது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த வழி இல்லை.

இறப்புப் பதிவுக்கு வருகிறேன். மின் மயானத்திலோ எரிவாயு தகன மேடையிலோ கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதிவு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். அது உடலைத் தகனம் செய்ததற்கான ரசீது; இறப்புப் பதிவு அல்ல. வீட்டில் இறந்தவருக்குக் குடும்பத்தினர்தான் 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். மருத்துவர் தந்த சான்று, இறந்தவரின் ஆதார், தகவல் தருபவரின் ஆதார், மயான ரசீது ஆகியவற்றை வழக்கமாகக் கேட்பார்கள். இங்கேயும் இடக் கணக்கு அதேதான். வெளியூர் மருத்துவமனையில் இறந்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும், பதிவு அந்த மருத்துவமனை இருக்கும் ஊரில்தான்.

துக்க வீட்டில் படிவம் நிரப்பும் வேலை கடைசியில் பேரன் தலையில் விழும். கைப்பேசி கையாளத் தெரிந்தவன் அவன்தானே. தாத்தாவுக்குப் பத்திரத்தில் பெரியகருப்பன், ரேஷன் அட்டையில் கருப்பையா, வங்கிப் புத்தகத்தில் வேறொரு தலைப்பெழுத்து. இது எதுவும் அவனுக்குத் தெரியாது. தாத்தாவின் தாயார் பெயர் என்ன என்ற கட்டத்துக்கு வந்ததும் ஊகமாக ஏதோ ஒன்றை எழுதுவான். பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போகும்போது, இரண்டு பெயரும் ஒருவரே என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். 21 நாள் அவகாசம் என்பது கொஞ்சநஞ்சமில்லை. காரியம் முடியட்டும். அதன் பிறகு கிரயப் பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்பி வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். சொத்தும் பணமும் எந்தப் பெயரில் இருக்கின்றன என்பதைக் கவனித்து, வேறுபாடு இருந்தால் பதிவுக்கு முன்பே பதிவாளரிடம் ஆவணங்களோடு பேசுங்கள். பழைய பெயர்கள் தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஒரு போன் போட்டுக் கேட்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

காப்பீட்டு முகவர்கள் சொல்லி அனுப்பியதாகச் சிலர், இறப்புச் சான்றிதழில் காரணத்தையும் எழுதித் தரக் கேட்பார்கள். அது முடியாது. இறப்புக்கான காரணம் பதிவேட்டில் இருந்தாலும், யாருக்கும் வழங்கும் நகலில் அதை வெளியிடக் கூடாது என்று 17ஆவது பிரிவு தடுக்கிறது. காரணத்தைக் காட்டும் மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டிய கடமை, 2023 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு இருக்கிறது. அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

காலம் தவறினால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 21 நாளிலிருந்து 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். 30 நாளைத் தாண்டி ஓராண்டு வரை, மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். ஓராண்டையும் தாண்டிவிட்டால் நகராட்சியால் ஒன்றும் செய்ய இயலாது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்று வர வேண்டும். அதற்கு முன் பதிவேட்டில் தேடிப் பார்த்து, பதிவில்லை என்பதற்கான சான்றை நகராட்சியில் வாங்க வேண்டும். நிலத்தை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவின் இறப்பைப் பதியாமல் விட்டவர்கள் வந்து நிற்பது இந்த வரிசையில்தான்.

காலத்தில் பதிந்தால் முதல் சான்றிதழ் இலவசம். பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் தர வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அலுவலக வாசலில் நின்று "உள்ளே ஆள் இருக்கிறது" என்று ஐந்நூறு ரூபாய் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்திலும் குறைகள் இல்லாமல் இல்லை. காரணம் சொல்லாமல் மனுவைத் திருப்பிக் கொடுப்பது அவற்றில் முதன்மையானது. வாய்மொழியாக "முடியாது" என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாவட்டப் பதிவாளர் என்றதும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள். அங்கே இருப்பவரின் பதவிப் பெயரும் அதுதான், ஆனால் இந்த மனுவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பிறப்பு, இறப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று நகராட்சிச் சுகாதாரப் பிரிவிலேயே கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.