பர்கர்: சொல் விளக்கம்

பர்கர் (பெயர்ச்சொல்): பன்னைக் குறுக்கே இரண்டாக அறுத்து, கறியையோ காயையோ வட்டமாகத் தட்டிச் சுட்ட அல்லது பொரித்த அடையை நடுவில் வைத்து, காயும் சாஸும் சேர்த்துக் கையில் பிடித்துத் தின்னும் பண்டம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்தப் பெயரில் இரண்டு பண்டங்கள் விற்கின்றன. ஊர் பேக்கரியில் பர்கர் கேட்டால், லேசாக இனிக்கும் பன்னுக்குள் உருளைக்கிழங்கு கட்லெட், பொடியாக நறுக்கிய கோஸ், மயோனைஸ், தக்காளி சாஸ் வைத்துத் தருவார்கள். பெரிய நிறுவனக் கடையில் அதே பெயருக்கு எள் தூவிய மெத்தென்ற பன், உறைநிலையில் வந்து அங்கே பொரிக்கப்படும் அடை, காரம் குறைந்த சாஸ். விளம்பரத்தைப் பார்த்து முதல்முறை அங்கே போகிறவர்களில் பலர் "இவ்வளவுதானா?" என்று கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பேக்கரியின் மிளகாய்க் காரத்தை நாக்கு எதிர்பார்த்துப் போகிறது. அங்கே கிடைப்பதோ வேறு பண்டம்.

பர்கரின் முழு வடிவம் ஹாம்பர்கர். சொல்லின் வேர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். ஊர்ப்பெயரோடு 'அர்' ஈறு சேர்ந்தால் அந்த ஊரைச் சேர்ந்தது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உணவகங்களில் கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்டதற்கு 'ஹாம்பர்க் ஸ்டேக்' என்று பெயர் இருந்தது. அதைப் பன்னுக்குள் முதலில் வைத்தது யார் என்பதில் அமெரிக்காவின் பல ஊர்களுக்குள் இன்றும் போட்டி உண்டு. 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஒயிட் காசில் கடை தொடங்கியபின் இது மலிவான அன்றாட உணவாகப் பரவியது.

ஆங்கிலத்தில் 'ஹாம்' என்பது பன்றித்தொடை இறைச்சி. அதனால் ஹாம் தனி, பர்கர் தனி என்று மக்கள் பிரித்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பெயருக்கும் பன்றிக்கும் தொடர்பில்லை. 'பர்க்' என்றால் கோட்டை. தேன்கனிக்கோட்டையார் என்ற சொல்லில் தேன்கனியை எடுத்துவிட்டு மாங்கனிக்கோட்டையார், நெல்லிக்கனிக்கோட்டையார் என்று புதிதாகக் கட்டிக்கொண்டே போவதற்கு ஒப்பான வேலை இது. சீஸ்பர்கர் என்ற சொல் இப்படித்தான் பிறந்தது. பர்கர் தனிச்சொல்லாக நின்றதும் இப்படித்தான். இலங்கையில் பறங்கியரைக் குறிக்கும் பர்கர், நகரவாசி எனப் பொருள்படும் டச்சுச் சொல்; வேர் ஒன்று, வந்த வழி வேறு. நம் கிருஷ்ணகிரி பக்கத்துப் பர்கூர் என்ற ஊருக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர எந்த உறவும் இல்லை.

இந்தியாவுக்கு வந்தபோது பொருள் இன்னும் விரிந்தது. 1996இல் டெல்லியில் முதல் கடையைத் திறந்த மெக்டொனால்ட்ஸ் இங்கே மாட்டிறைச்சியைத் தவிர்த்தது. உருளைக்கிழங்கு அடை வைத்ததற்கும் பர்கர் என்ற பெயர் உறுதியானது. அமெரிக்காவில் முழுக் கோழித்துண்டு வைத்த பன்னைச் சாண்ட்விச் என்பார்கள். கொத்துக்கறி அடை இருந்தால்தான் அங்கே பர்கர். நமக்கு இரண்டும் பர்கரே.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இறைச்சி ரொட்டி' பொருந்தாது, இங்கே விற்பதில் பெரும்பகுதி சைவம். பன் நம் பேக்கரிகளில் ஊன்றிவிட்ட சொல். ஈழத்தமிழர் அதையே பணிஸ் என்கிறார்கள். சிக்கல் நடுவில் இருக்கும் வட்டத்துக்குத்தான். அதன் ஆங்கிலப் பெயரான patty-யைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' ஆகிறது, இல்லையென்றால் 'பேட்டி'. அதற்கு அடை என்பதே சரியான சொல். இந்த மாவட்டங்களில் கேழ்வரகு மாவைக் கையால் தட்டிச் சுடுவதையும் அடை என்றுதான் சொல்கிறோம். வடிவமும் செய்முறையும் ஒத்துப்போகின்றன. கறியடை, கோழியடை, காயடை எனப் பிரித்தால் உள்ளே இருப்பதும் பெயரிலேயே விளங்கும். முழுப் பண்டத்துக்கு 'அடைபன்' எனலாம். பட்டியலில் 'கோழியடைபன்' என்று எழுதி, பக்கத்தில் பர்கர் என்றும் போட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

அடை கெட்டால் பர்கர் கெட்டது. அரைக் கிலோ கொத்துக்கறியில் 4 அடை வரும். சுடும்போது சுருங்குவதால் பன்னைவிட அரை அங்குலம் அகலமாகத் தட்ட வேண்டும். ஓரம் முதலில் சுருங்கி நடுப்பகுதி உப்பும். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்திவிட்டால் சமமாக வேகும். உப்பைக் கறியோடு முன்கூட்டியே பிசையக் கூடாது. புரதம் கரைந்து இறுகி, அடை ரப்பராகிவிடும். கல்லில் போடும்போது மேலே தூவினால் போதும். கொத்தும்போது மேற்பரப்புக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால் பாதி வேக்காடு ஆபத்து. கோழியடையின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

காயடை எண்ணெயில் பிளப்பது ஈரத்தால். வேகவைத்த கிழங்கை முழுக்க ஆறவிட்டு மசித்து, அரைக் கிலோவுக்கு 4 மேசைக்கரண்டி ரொட்டித்தூள் சேர்த்துத் தட்டி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு பொரிக்கலாம்.

பன்னின் அறுத்த பக்கத்தை வெண்ணெயில் ஒரு நிமிடம் வாட்டாமல் சாஸ் தடவினால் ஊறிப்போகும். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைத் தக்காளியில் கெட்டியான பெங்களூர் ரகமே இதற்கு ஏற்றது. நாட்டுத் தக்காளி சாறு விட்டுப் பன்னைக் குழைத்துவிடும். நம் மண்ணின் கேழ்வரகில் பன் செய்ய ஆசை இருந்தால், மைதாவோடு நாலில் ஒரு பங்குக்குமேல் கலக்க வேண்டாம். கேழ்வரகில் பசைப்புரதம் (குளூட்டன்) இல்லை, பன் எழும்பாது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. வீட்டில் செய்தாலும் முட்டையில்லா வகையே நல்லது.

முதல்முறை தின்பவர் காகிதத்தை முழுக்கப் பிரிக்காமல் பாதி மட்டும் பிரித்துப் பிடித்தால் உள்ளிருப்பது பின்பக்கமாக நழுவாது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் கீழே, மற்ற மூன்றும் மேலே. பார்சல் என்றால் பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அடைபட்ட ஆவியே மொறுமொறுப்பைக் கெடுக்கிறது.

எழுதும்போது பர்கர் என்பதே சரி. 'பர்க்கர்' என்று ஒற்றை இரட்டித்தால் சர்க்கரையில் வருவதுபோல் வல்லோசை வந்துவிடும். ஹாம்பர்கருக்குக் கிரந்த எழுத்து வேண்டும். பர்கர் பகரத்தில் தொடங்கி ரகர ஒற்றில் முடிவதால் தமிழ்ச் சொல்லமைப்புக்குள் அப்படியே அடங்குகிறது. பர்கரை, பர்கரில், பர்கர்கள் என்று வேற்றுமையும் பன்மையும் தடையில்லாமல் ஏறும்.