லேட்டன்ட்: மறைந்திருப்பதா, மறைக்கப்பட்டதா?

டர்பனில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: “மறைக்கப்பட்ட குறைபாடுகளுக்கு விற்பவர் பொறுப்பல்லர்.” ஆங்கில மூலத்தில் இருப்பது லேட்டன்ட் டிஃபெக்ட். அகராதியில் லேட்டன்ட் என்றால் மறைந்த, மறைவான என்று பார்த்துவிட்டு, கை பழகிய போக்கில் மறைக்கப்பட்ட என்று எழுதிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். குறை இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்து ஏமாற்றிய விற்பனையாளரை ஒப்பந்தத்தின் எந்த வரியும் காப்பாற்றாது. தமிழ் வாக்கியத்தை நம்பி வாங்குகிறவர், தன்னை ஏமாற்றினாலும் கேட்க வழியில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். சொல்நயக் குறை என்று இதை விட்டுவிட முடியாது. சட்டத்தையே தலைகீழாக்கும் பிழை.

லேட்டன்ட் என்ற சொல்லின் வேர் லட்டேரே என்ற லத்தீன் வினை. பொருள்: மறைந்து கிடத்தல். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கப் புராணத்தில் மறதி ஆறாகிய லேத்தேயும் இதே குடும்பம் என்பார்கள். இதற்கு எதிர்ச்சொல் பேட்டன்ட். அது திறந்து கிடத்தல் என்ற பொருளுள்ள பட்டேரேயிலிருந்து வந்தது. கண்டுபிடிப்புக்கு வாங்கும் பேட்டன்டும் இதுதான்: எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்த அரச ஆணை. வேர் பற்றி இவ்வளவு போதும். இரண்டு வேர்வினைகளும் கிடத்தலைச் சொல்கின்றன, கிடத்துதலை அல்ல. லேட்டன்டில் மறைக்கிற ஆள் கிடையாது.

கவர்ட், கான்சீல்ட் போன்ற அண்டைச் சொற்களில் ஆள் உண்டு. கவர்ட் என்றால் மூடி வைத்துச் செய்வது: வேவு, உளவு. கிளாண்டஸ்டைன் என்றால் கள்ளத்தனமாக நடப்பது. கான்சீல்ட் என்றால் ஒருவர் கையால் மறைத்தது. இவற்றையும் லேட்டன்டையும் ஒரே கூடையில் போடுகிற அகராதிகளால்தான் பாதித் தொல்லை.

சட்டத்தில் இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பிழையின் கனம் புரியும். 1977இல் ஹோம்டீன் செங்கல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த விளக்கத்தைத்தான் இன்றும் எடுத்தாள்கிறார்கள். வாங்கிய பொருளை அதன் பயனுக்கு உதவாமல் செய்கிற, அல்லது பயனைப் பெரிதும் குறைக்கிற இயல்புக்கு மாறான தன்மை குறை எனப்படும். சோதித்துப் பார்த்தாலும் கண்ணில் படாத, கண்டுபிடிக்க முடியாத குறை லேட்டன்ட். அந்த வழக்கில் சிக்கல் செங்கல்லில் இருந்தது. வாங்கும்போது நல்ல கல்லாகத் தெரிந்தது, சுவர் எழும்பிய பிறகு உப்புப் பூத்து உதிரத் தொடங்கியது. கல்லுக்குள் உப்பை யாரும் ஒளித்து வைக்கவில்லை.

இப்படிப்பட்ட குறை இருந்தால், தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டம் வாங்கியவருக்கு இரண்டு வழி தருகிறது. குறை பெரிதானால் விற்பனையை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். விற்றவருக்குக் குறை தெரியாமல் இருந்தாலும் இந்த உரிமை உண்டு. அதனால்தான் விற்பவர்கள் ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற டச்சுச் சொல்லைச் சேர்க்கிறார்கள். காலால் தள்ளிவிடுவது என்பது அதன் நேர்ப்பொருள். உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள் என்பது வழக்குப்பொருள். அந்தச் சொல் இருந்தால் லேட்டன்ட் குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. ஆனால் அவர் குறையை அறிந்திருந்தார், ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று வாங்கியவர் மெய்ப்பித்தால் ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லாது. மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் தலையில்தான். தொழிலாக வீடு கட்டி விற்கிறவர்களை 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்த வீட்டை ஒருமுறை விற்றுவிட்டுப் போகிறவருக்கு ஃபூட்ஸ்டூட்ஸ் இன்றும் பொருந்தும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தளச் சுவருக்குள் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே ஒரு கறையும் இல்லை, குடியிருப்பவருக்கும் தெரியாது. இது மறைந்திருக்கும் குறை. அடுத்த மழைக்குச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்பளித்து உதிர்கிறது. வீட்டுக்காரர் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத்தடுப்புப் பூச்சு ஒன்று அடித்து, மேலே புது பெயின்ட் பூசி, மறுவாரம் வீட்டைக் காட்டுகிறார். இப்போது அது மறைத்த குறை. பக்கத்து அறையில் சுவர் நெடுக விரல் நுழையும் விரிசல்; அதன் முன்னால் அலமாரியை இழுத்துப் போட்டிருக்கிறார். விரிசல் பார்த்தால் தெரியக்கூடியதுதான், ஆனாலும் மறைத்திருக்கிறார். ஆக மறைந்திருப்பது மறைத்ததாக இருக்க வேண்டியதில்லை, மறைத்தது தானாக மறைந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டியதும் இல்லை. வழக்கே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. இரண்டையும் மறைக்கப்பட்ட என்று ஒரே சொல்லால் எழுதினால் வழக்கறிஞருக்கும் வேலையில்லை, படிக்கிறவருக்கும் பயனில்லை.

இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆங்கிலத்துக்கு இரண்டு தனிச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. தமிழுக்கு ஒரு மெய்யெழுத்து போதும். மறைந்த என்பது தன்வினை; மறைத்த என்பது பிறவினை. திருமூலர் இதை வைத்தே ஒரு மந்திரம் செய்திருக்கிறார்: “மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை.” முதல் அடியில் யானை மறைக்கிறது, இரண்டாம் அடியில் யானையே மறைகிறது. ஒற்றெழுத்து ஒன்று மாறியதில் பாட்டின் பொருள் முழுவதும் திரும்பிவிடுகிறது. அப்பர் தேவாரத்தில் “விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன்” என்று வருகிறது. விறகுக்குள் நெருப்பையோ பாலுக்குள் நெய்யையோ எவரும் ஒளிக்கவில்லை. உள்ளே இருக்கிறது, கடைந்தால் வரும். லேட்டன்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை. தேவாரம் பாடுகிற ஊரில் இருந்துகொண்டு மறைக்கப்பட்ட என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

மறைக்கப்பட்ட என்பதோடு போட்டி போடும் வேறு சில பெயர்ப்புகளும் உலவுகின்றன. இரகசியக் குறைபாடு என்பது ஒன்று. இரகசியம் என்றால் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் தெரியாதது இரகசியமாகாது. லேட்டன்ட் குறையோ விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். இரகசியம் வடசொல் என்று அதை நீக்கிவிட்டுக் கமுக்கக் குறைபாடு என்று எழுதுகிற தனித்தமிழ் அன்பர்களும் இருக்கிறார்கள். வடசொல்லைக் களைய வேண்டும் என்பதில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தவறான கருத்துக்குத் தூய சொல்லைப் போர்த்தினால் கருத்துத் திருந்திவிடாது. முதலில் பொருள் சரியாக வேண்டும், தூய்மை அதற்கடுத்தது.

மறைமுகக் குறைபாடு என்பது இன்னொன்று. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று நாம் எழுதும்போது மறைமுகம் என்பது நேரடியாக இல்லாமல் இன்னொன்றின் வழியாக நடப்பது. சுவருக்குள் ஏறும் ஈரம் வேறெதன் வழியாகவும் இல்லை, நேராகத்தான் சுவரை அரிக்கிறது.

உள்ளுறைக் குறை என்று சொல்கிறவர்களை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. சொல் அழகானது, பழையது; அகப்பாட்டில் சொல்லாமல் சொல்லும் உவமையைத் தொல்காப்பியம் உள்ளுறை என்கிறது. பள்ளி இயற்பியலிலும் உள்ளுறை வெப்பம் என்று நிலைத்துவிட்டது. ஆனால் வீட்டு விற்பனையில் அது இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, உள்ளுறை என்றால் பொருளின் இயல்பிலேயே கூடி நிற்பது என்று படிக்கிறவர் கொள்வார். அது இன்ஹெரன்ட், வேறு சொல். நல்ல கூரையில் பின்னால் விழுந்த ஓட்டை கூரையின் இயல்பு அல்ல, ஆனாலும் லேட்டன்டாக இருக்கலாம். மற்றொன்று, லேட்டன்ட் குறை பொருளுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. நகராட்சி ஒப்புதல் இல்லாமல் பின்கட்டில் எழுப்பிய அறையும் லேட்டன்ட் குறையே என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்தக் குறை செங்கல்லில் இல்லை, சிமெண்டில் இல்லை. நகராட்சிக் கோப்பில் இருக்க வேண்டிய வரைபடம் இல்லை என்பதில் இருக்கிறது. உள்ளே தேடினால் கிடைக்காது.

அப்படியானால் மறைந்த குறை என்று எழுதிவிடலாமா என்றால் கூடாது. மறைந்த தலைவர், மறைந்த பாடகர் என்று காலமானவர்களுக்கு வழங்கி வழங்கி, தனியாக நிற்கும் மறைந்த என்பதற்கு இல்லாமல் போன என்ற பொருள் ஏறிவிட்டது. மறைந்த குறை என்றால் சரியாகிப்போன குறை என்று படுகிறது. இருத்தலைச் சேர்த்து மறைந்திருக்கும் குறை என்று எழுதினால் ஐயமே இல்லை. குறை இருக்கிறது, தெரியவில்லை: இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. எதிர்ச்சொல்லுக்கு வெளிப்படைக் குறை. மோசடிக்கு விற்பவர் மறைத்த குறை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டால் ஒப்பந்த வரி இப்படி அமையும்: “மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்லர், அவர் அறிந்து மறைத்த குறைகளுக்குப் பொறுப்பாவார்.” சட்டம் சொல்வதும் அதுவே, பாட்டிக்குப் படித்துக் காட்டினாலும் புரியும். 2022 பிப்ரவரியிலிருந்து முகவர் வழியாக வீட்டை விற்பவர் கூரை, மின்சாரம், குழாய், அடித்தளம் என்று தனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தை விளக்கும்போதும் தெரிந்த குறை, மறைந்திருக்கும் குறை என்று பிரித்துச் சொன்னால் போதும்.

மருத்துவத்தில் இதே பிழை இன்னும் கொடியது. லேட்டன்ட் டிபியை மறைக்கப்பட்ட காசநோய் என்கிறார்கள். படிக்கிறவர் காதில் அது, நோயை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் திரிகிறவர் என்று விழுகிறது. உண்மையில் அவருக்கு நோயே இல்லை. காசக் கிருமி உடம்புக்குள் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைத்திருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவதும் இல்லை. தோல் சோதனையிலோ இரத்தச் சோதனையிலோ மட்டும் தெரியும். இப்படித் தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோயாக மூளலாம். எச்ஐவி இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பதால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பு மாத்திரைக்கு இவ்வளவு அழுத்தம் தருகிறார்கள். நீறுபூத்த நெருப்பு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான் இது. துண்டறிக்கையில் “அடங்கியிருக்கும் காசக் கிருமித் தொற்று” என்று எழுதலாம். நோய் என்ற சொல்லே அங்கே வரக் கூடாது. மறைத்தல் என்ற வினை அறவே கூடாது.

இத்தனைக்கும் மூலகாரணம் பட்ட என்ற ஒட்டின்மேல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இருக்கும் பிடிப்பு. ஆங்கிலத்தில் பெயரெச்சம் போல ஒன்றைக் கண்டால் உடனே பட்ட சேர்த்துவிடுகிறார்கள். உடைந்த கண்ணாடி உடைக்கப்பட்ட கண்ணாடி ஆகிறது, அணைந்த விளக்கு அணைக்கப்பட்ட விளக்கு ஆகிறது. காப்பீட்டுப் படிவத்தில் சன்னல் உடைக்கப்பட்டது என்று எழுதினால் அது திருட்டு முயற்சி; உடைந்தது என்றால் காற்றில் அடித்ததாகவும் இருக்கலாம். இழப்பீடு அந்த ஒரு சொல்லில் நிற்கும். இயந்திர மொழிபெயர்ப்பும் நாம் எழுதிக் குவித்த ‘பட்ட’ வாக்கியங்களைப் படித்துத்தான் பழகியிருக்கிறது. இங்கே வீட்டில் ஆங்கிலம் பேசி, வாரக்கடைசியில் கோயில் வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட துண்டறிக்கைகளே தமிழ் உரைநடைக்கு மாதிரி. தன்வினை, பிறவினை என்று வகுப்பில் பாடமாகப் படிக்கிற பிள்ளை, வெளியே வந்து பார்த்தால் தன்வினையே காணோம்.

மற்றத் துறைகளில் பெரிய சிக்கல் இல்லை. உள்ளுறை வெப்பத்தை அப்படியே விட்டுவிடலாம். இலங்கையில் மறைவெப்பம் என்பதும் சரிதான். ஒரு கிலோ பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டும் வெப்பமானி அசைவதில்லை என்பதால் ஜோசப் பிளாக் அதற்கு அந்தப் பெயரைப் பொருத்தினார், அங்கேயும் மறைக்கிற ஆள் இல்லை. கணினி வலையமைப்பில் லேட்டன்சி என்பது வெறும் சுணக்கம்; அங்கே மறைவு, உள்ளுறை எதையும் இழுக்க வேண்டாம். குற்றவியலில் வரும் லேட்டன்ட் கைரேகையை மட்டும் மறைந்த கைரேகை என்று எழுதக் கூடாது, அழிந்துபோனது என்றாகிவிடும். பொடி தூவினால் தெரியவரும் அதற்குப் புலப்படாக் கைரேகை போதும்.