பேட்ஜ் அவர் சட்டையில், கதிர் அம்மா முதுகில்

மும்பை செம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு நிமோனியா. ரெண்டு மாசத்துல நாலு தடவை மார்பு எக்ஸ்ரே எடுத்தாச்சு. எடுக்கிறவர் சட்டையில பேட்ஜ் மாட்டியிருக்கார், அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. அவங்க உடம்புல எவ்வளவு ஏறிச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. அந்த பேட்ஜ் உங்கள் பக்கத்து ஊர்ச் சரக்குதான். டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. உள்ளே டிஸ்புரோசியம் என்ற உலோகம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள். கதிர் பட்டால் அந்த ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடாக்கினால் ஒளியாகக் கக்கும். நாள் முழுக்க அந்த அறையில் வேலை பார்ப்பவருக்குச் சில மாதங்களின் சில்லறையைக் கூட்டிப் பார்க்க அது தேவை. நோயாளிக்கு அப்படியில்லை. அவர் மேல் பாய்வதைப் புறப்படும் இடத்திலேயே பிடித்து அளந்துவிடலாம்.

போன மழைக்காலத்தில் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கும்போது வழுக்கி, முழங்காலில் அடி. மாட்டுங்காவில் ஓர் எக்ஸ்ரே சென்டருக்குப் போனேன். டெக்னீஷியன் தலைக்கு மேலிருந்த பெட்டியின் குமிழைத் திருகத் திருக, முழங்காலில் விழுந்திருந்த சதுர வெளிச்சம் சுருங்கியது. நடுவில் கூட்டல் குறி போல ஒரு நிழல். வெளிச்சம் விழும் இடத்தில்தான் எக்ஸ்ரேயும் விழும். சில இயந்திரங்களில் அந்தப் பெட்டியின் வாயில் கண்ணாடி போல ஒரு மெல்லிய தட்டு இருக்கும். உள்ளே வெறும் காற்று. கதிர் கடக்கும்போது அந்தக் காற்று அயனியாகும். அதில் சேரும் மின்னூட்டத்தை எண்ணினால் கதிரின் அளவு கிடைக்கும்.

ஆனால் தட்டு இருப்பது எக்ஸ்ரே புறப்படும் குழாயின் வாயில், முழங்கால் இருப்பது ஒரு மீட்டர் கீழே. தூரம் இரட்டித்தால் செறிவு கால்வாசி என்று பள்ளியில் படித்திருக்கிறோமே? அங்கே அளந்து என்ன பயன்?

ஓர் அட்டையில் சதுரமாக ஓட்டை போட்டு, டார்ச்சுக்கு முன்னால் பிடியுங்கள். பல்பிலிருந்து அரை மீட்டரில் சுவர் இருந்தால் வெளிச்சச் சதுரம் ஒரு சாண் என்று வையுங்கள். ஒரு மீட்டருக்குப் பின்னால் வந்தால் இரண்டு சாண். பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் கால்வாசி. நான்கையும் காலையும் பெருக்கினால் மறுபடி ஒன்று! செறிவையும் பரப்பையும் பெருக்கி வரும் எண் குழாயின் வாயிலும் அதேதான், முழங்காலிலும் அதேதான். தட்டு கதிர்க்கற்றையைவிட அகலமானது. மொத்த மின்னூட்டத்தையும் அள்ளிக்கொள்வதால் பெருக்கலைத் தானே செய்துவிடுகிறது. ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று அதற்குத் தெரியவே வேண்டாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று வீட்டில் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து டார்ச் அடித்துக் காட்டினேன்.

குமிழைத் திருகிச் சதுரத்தைச் சுருக்கினால் இந்த எண்ணும் இறங்கும். அந்த இரண்டு விநாடித் திருகலைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அப்புறம் உடம்புக்குள் நடப்பது. அதை யாரும் அளப்பதில்லை, கணக்குத்தான். கணினியில் ஒரு மனித உருவத்தைச் செய்து, எக்ஸ்ரேயின் துணுக்குகளான ஃபோட்டான்களை லட்சக்கணக்கில் எறிவார்கள். ஒவ்வொன்றும் உறிஞ்சப்படுமா, திசை மாறுமா, நேராகப் போய்விடுமா என்று ஒவ்வோர் அடியிலும் தாயம் உருட்டுவதுதான் முறை. சூதாட்ட ஊரான மான்டே கார்லோவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். பிறகு கதிரால் எவ்வளவு கெடும் என்பதைப் பொறுத்து உறுப்புக்கு ஒரு மதிப்பெண்: நுரையீரலுக்கு 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. மார்பு எக்ஸ்ரேக்குத் தட்டு காட்டுவது சுமார் 0.1 கிரே சதுர சென்டிமீட்டர் (கிரே என்பது உறிஞ்சப்படும் கதிரின் அலகு). கணினி தரும் பெருக்கெண் சுமார் 0.2. ஆக 0.02 மில்லிசீவர்ட். உடம்புக்கு வரக்கூடிய பாதிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் அலகு அது.

அம்மாவின் நான்கு படத்துக்கும் சேர்த்து 0.08. மண்ணும் காற்றும் வானமும் எல்லோருக்கும் கொடுக்கும் கதிர்வீச்சு உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. அதாவது ஏறக்குறைய 12 நாள் கணக்கு. சராசரி உடம்புக்கான எண் இது, அம்மாவின் உடம்புக்கே அளவெடுத்துத் தைத்தது அல்ல. இயந்திரத்தை அணைத்த கணமே கதிரும் நின்றுவிடும், உள்ளே எதுவும் தங்காது. "சூடு இறங்க" என்று என் அத்தை வாங்கித் தந்த இளநீரைத் தாகத்துக்காகக் குடித்தேன்.

சிடி ஸ்கேன் என்றால் கதையே வேறு. வயிற்று ஸ்கேன் ஒன்று 8 மில்லிசீவர்ட் பக்கம் போகும். அந்த இயந்திரம் தானாகவே கதிரின் அளவைக் காட்டும் ஒரு பக்கத்தைத் தயாரிக்கிறது. நம் கைக்கு வருவது படமும் ரிப்போர்ட்டும்தான். சர்க்கரை அளவை அச்சடித்துக் கொடுக்கிறார்கள், இதையும் ஒரு வரியில் அடித்துக் கொடுத்தால் என்ன?

தட்டு இல்லாத சென்டரிலும் வழியில்லாமல் இல்லை. எத்தனை கிலோவோல்ட், எத்தனை மில்லியாம்பியர்-விநாடி, எவ்வளவு தூரம், இயந்திரத்தைச் சோதித்தபோது கிடைத்த வெளியீடு எவ்வளவு என்று தெரிந்தால் தோலில் விழுந்ததைக் கணக்குப் போடலாம். மாட்டுங்காவில் கேட்டேன். "யே கோயி நஹீ பூச்தா" (இதை யாரும் கேட்பதில்லை) என்று டெக்னீஷியன் சிரித்துவிட்டு, படம் இருந்த கவரின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: 60, 5, 100 செ.மீ.