எதிர்க்காற்றில் எப்படித் திரும்பி வருவது?

பழைய பாய்மரப் படகு ஒன்றைக் காரைக்குடி வீட்டு முகப்பில் கொண்டுவந்து இறக்கிய அன்று, ஆச்சி கேட்டது ஒரே கேள்விதான். “காத்து தள்ளிக்கிட்டுப் போகும், சரி. எதுக்க அடிச்சா எப்படிப்பா திரும்பி வருவே?” பாய்மர அறிவியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

படகு லேசர் வகை. ஒரே ஆள், ஒரே பாய். நீளம் 4.2 மீட்டர், பாயின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். கூட்டின், அதாவது பாயும் மரமும் இல்லாத வெறும் படகு உடலின், எடை 59 கிலோ; ஏறக்குறைய ஓர் ஆளின் எடைதான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இதே வகைதான். பாய் மட்டும் கொஞ்சம் சிறியது.

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாயைத்தான் முதலில் விரித்துப் பார்க்கிறார்கள். பாய் நைந்திருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பாய்மரம் செருகும் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆறு மீட்டர் உயர மரத்தைக் காற்று தள்ளும்போது அது கடப்பாரை போல நெம்புகிறது. அந்த நெம்பல் முழுவதும் வந்து சேருமிடம் இந்தச் சின்னக் குழி. அதில் தண்ணீரை நிரப்பி, இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. குழியின் அடியில் கீறல் இருக்கிறது, தண்ணீர் கூட்டுக்குள் போகிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால், பலத்த காற்றடிக்கும் ஒருநாள் மரம் மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு சாயும். சித்திரை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பசையும் வைத்து அடைத்தோம். ஈரத்தின்மேல் பசை பிடிக்காது; இந்த வேலைக்கு நம் ஊர் வெயில் வரம்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தால் தளமெங்கும் தட்டிப் பார்த்தோம். ‘டங்’ என்றால் உறுதி. ‘டொப்’ என்று மழுங்கிக் கேட்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், உள்ளே ஈரமும் ஏறியிருக்கலாம். பாயில் துணியைவிடத் தையல்நூல்தான் முதலில் போகும். வெயிலின் புற ஊதாக்கதிர் அதைத் தின்றுவிடும். நகத்தால் சுரண்டினாலே பிய்ந்த இடங்களை மறுபடி தைத்தோம்.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வரலாம்.

பாய் காற்றைப் பிடிக்கும் பை மட்டும் அல்ல. காற்று பக்கவாட்டிலிருந்து வரும்போது, வளைந்த பாய் அதைத் திருப்பி விடுகிறது. பாய் காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது. காற்று பாயை மறுபக்கம் தள்ளுகிறது. வளைந்த பக்கத்தில் தூரம் அதிகம், அதனால் காற்று அங்கே வேகமாக ஓடி மறுபக்கக் காற்றோடு சேர்ந்துகொள்கிறது என்று ஒரு விளக்கம் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது தவறு. பாய் வெறும் துணி. இரண்டு பக்கமும் ஒரே நீளம்தான்.

இந்த விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, கொஞ்சம்தான் முன்னே. இங்கேதான் நடுப்பலகை வருகிறது. கூட்டின் நடுவிலுள்ள பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் மெல்லிய பலகை அது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் ஏழு சதுர மீட்டர் பாய்க்கு அவ்வளவு சிறிய பலகை ஈடுகொடுக்கிறது. பக்கவாட்டுத் தள்ளல் ஏறக்குறைய அடைபட்டுவிட, மிஞ்சிய முன்விசை படகை நகர்த்துகிறது.

ஆச்சிக்கு ஒரு வேப்பம்பழத்தை இரு விரலிடையே பிதுக்கிக் காட்டினேன். விரல்கள் அழுத்துவது பக்கவாட்டில்; கொட்டை பாய்வதோ முன்னால். ஒரு விரல் காற்று, மறு விரல் தண்ணீர்.

அப்படியும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. இருபுறமும் ஏறக்குறைய 45 பாகைக்குள் பாய் வெறுமனே படபடக்கும். எனவே வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

பழகுவதற்குத் தை மாதக் கண்மாய் நல்ல இடம். மீன் குத்தகைக்காரரிடமும் ஊராரிடமும் கேட்டுக்கொண்டு, மார்பளவு நீரில், மிதவைச் சட்டையோடு தொடங்கினேன். கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் காற்று அறுபட்டு, திடீரென்று வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வெளியே சாய்ந்து எடையால் ஈடுகட்டலாம். போதாவிட்டால் பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்திப் பாயை விட்டுவிட வேண்டும். இதைக் கை தானாகச் செய்யும்வரை தொண்டிக் கடல் பக்கம் போகவில்லை. அந்தக் கிழக்குப் பார்த்த கரையில் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். வெளியே போவது சுலபம், திரும்புவது முழுக்க எதிர்க்காற்று. புதிதாகப் பழகுபவர்கள் அதில் இறங்கவே கூடாது.

முதல் வாரம் எத்தனை முறை கவிழ்ந்தேன் என்று எண்ணவில்லை. கவிழ்ந்த படகில் பாய் தண்ணீரில் படுத்துக்கிடக்கும், நடுப்பலகை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நீந்திச் சுற்றிப் போய், முன்முனையைக் காற்றின் பக்கம் திருப்பி, அந்தப் பலகையில் ஏறி நின்று, தளத்தின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். முதலில் அசையாது. பாயிலிருந்து தண்ணீர் வடிய வடிய மரம் மெல்ல எழும்பும், அப்புறம் சட்டென்று நிமிரும். அந்தக் கணத்தில் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்துவிட வேண்டும்.