‘எனக்கு வரலையே’ என்று மூடப்படும் பக்குகள்

பில்லிங் மென்பொருளில் ‘கோட்டையூர்’ என்று தேடினால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேரின் முகவரியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் கோட்டையூர் என்றுதான் இருக்கிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் டிக்கெட் போடுவார், அதாவது இந்தப் பிழையை (பக்கை) எழுதிப் பதிவு செய்வார். மென்பொருளை எழுதிய டெவலப்பர் தன் கணினியில் ஒரு பெயரைச் சேர்த்துத் தேடுவார், கிடைத்துவிடும். ‘எனக்கு வருதே’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். எழுத்துகளைக் கணினியில் எண் குறியீடுகளாகச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டெவலப்பர் ஒரே விசைப்பலகையில் தட்டிச் சேர்த்து, அதிலேயே தட்டித் தேடுகிறார், அதனால் கிடைக்கிறது. கடையின் பழைய பட்டியலோ யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டதாக இருக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி நார்மலைசேஷன் செய்தால், அதாவது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கினால், இது தீரும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் தீராது. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் நார்மலைசேஷனும் உதவாது. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்குவதும் ஶகரத்தில் தொடங்குவதும் அதே சிக்கல்தான். இவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

இப்படிப்பட்டவற்றை ‘எட்ஜ் கேஸ்’ (அபூர்வமாக வருவது) என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. யாருக்கு அபூர்வம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்து எழுதுபவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் சிக்கல், காரைக்குடியில் பில் போடுபவருக்கு நாள் தவறாமல் வரும்.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் இனிஷியல் என்பது ஓர் எழுத்தோடு நிற்பதில்லை, ‘ராம. அரு.’ என்று புள்ளிகளோடு நீளும். இனிஷியல் கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளிக்கு அனுமதி இல்லை என்று விதி வைத்த படிவம் இங்கே முதல் நாளே மாட்டிக்கொள்ளும். இதைவிட ஆபத்தானது ‘டூப்ளிகேட்’ சோதனை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் அருணாசலத்தின் மகன் மெய்யப்பன், அவர் மகன் அருணாசலம், அவர் மகன் மறுபடி மெய்யப்பன் என்று வரும். ஒரே வீட்டு முகவரியில் இரண்டு ‘அரு. மெய்யப்பன்’ இருப்பார்கள். பெயரும் முகவரியும் ஒன்றானால் ஒரே ஆள் என்று முடிவுகட்டும் மென்பொருள், தாத்தாவின் பாக்கியைப் பேரன் கணக்கில் ஏற்றிவிடும். டெவலப்பர் ‘டேட்டா தப்பு’ என்பார். டேட்டா சரியாகத்தான் இருக்கிறது, விதிதான் தப்பு. ‘எந்த ஊரில், என்ன வழக்கத்தால் இப்படி வருகிறது’ என்று டிக்கெட்டில் இரண்டு வரி எழுதினால் பாதி வாக்குவாதம் குறையும்.

ஆத்தங்குடி டைல்ஸ் கணக்கு இன்னொரு நல்ல பாடம். 8×8 அங்குலக் கல் ஒன்று 64 சதுர அங்குலம்; ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஆகவே ஒரு கல் 0.4444… சதுர அடி. மென்பொருள் ஒவ்வொரு கல்லுக்கும் 0.44 என்று சுருக்கி, பிறகு எண்ணிக்கையால் பெருக்கினால், 1,000 கல்லுக்கு 440 சதுர அடி என்று பில் வரும். உண்மையில் 444.44 வர வேண்டும். குறையும் 4.44 சதுர அடி என்பது சரியாகப் பத்துக் கல்லின் அளவு. மொத்தத்தைக் கணக்கிட்ட பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்குவதுதான் தீர்வு. டெவலப்பர் இதை ஏன் பார்க்கவில்லை? 12×12 என்று போட்டுச் சோதித்திருப்பார். அது துல்லியமாக ஒரு சதுர அடி. எத்தனை லட்சம் கல் போட்டாலும் பிழை தலைகாட்டாது.

டிக்கெட்டில் ‘டைல்ஸ் கணக்கு சரியா வரலை’ என்று எழுதினால் அது திரும்பி வரத்தான் செய்யும். இப்படி எழுதுங்கள்: ‘8×8 அங்குலம், எண்ணிக்கை 1,000. பில்லில் 440 சதுர அடி, 444.44 வர வேண்டும். 12×12-ல் பிழை இல்லை. எண்ணிக்கை 1 என்றாலும் பிழை தெரியவில்லை.’ கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் விலை மதிப்புள்ளவை. எங்கே பிழை வரவில்லை என்று சொல்லும்போதுதான் டெவலப்பருக்குத் தேட வேண்டிய இடம் சுருங்குகிறது.

‘யூசர் அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க’ என்ற பதிலுக்கு விலை கொடுத்த வரலாறு உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நடந்தன. டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் 1986 மார்ச்சில் ஒரு நோயாளிக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் வந்து பார்த்தும் பிழையை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் மறுபடி வேலைக்கு வந்தது. ஏப்ரலில் இன்னொருவருக்கும் அதே கதி. இருவருமே இறந்துபோனார்கள். அதன் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப முயன்று காரணத்தைக் கண்டார்கள். பழகிய கை வேகமாகத் தட்டி, தவறான தேர்வை எட்டு விநாடிக்குள் திருத்தினால் அந்தத் திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. சோதித்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டியதால் பிழை வரவே இல்லை. ஆகவே டெஸ்டர்கள் என்ன தட்டினோம் என்பதோடு எவ்வளவு வேகத்தில் தட்டினோம் என்பதையும் எழுத வேண்டும். திரைப்பதிவு எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது.

நேரமும் ஒரு மறைவான உள்ளீடு. சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால் அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5:29 வரை போடும் பில்லெல்லாம் முந்தைய நாள் தேதியில் விழும். அலுவலக நேரத்தில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பலகாரம் அனுப்பும் கடையும், இரவில் வரும் விருந்தினருக்கு அறை கொடுக்கும் பாரம்பரிய வீட்டு விடுதியும்தான் மாட்டும். ஏப்ரல் 1 விடியற்காலை 4 மணி பில் மார்ச் 31-க்குப் போனால் நிதியாண்டே மாறிவிடும். ஜிஎஸ்டி கணக்கு பொருந்தாது. சோதனைக்கு இரவு 11:59, 12:01, காலை 5:29, 5:31 ஆகிய நான்கு நேரங்கள் போதும். மாத இறுதியிலும் மார்ச் 31 அன்றும் அதையே திரும்பச் செய்யுங்கள்.

சில பக்குகள் வந்தும் வராமலும் இருக்கும். ‘சில சமயம் வருது’ என்று எழுதவே கூடாது. ‘20 முறையில் 3 முறை’ என்று எழுதுங்கள். பத்தில் ஒரு முறை வரும் பக்கைப் பத்து முறை முயன்றும் பார்க்காமல் போக 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டெவலப்பர் மூன்று முறை முயன்று ‘வரலை’ என்றால் அவர் பொய் சொல்லவில்லை. முயற்சி போதவில்லை, அவ்வளவுதான். அதே கணக்கு திருத்தத்துக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட பக் சரியாகிவிட்டது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, தொடர்ந்து 29 முறை பிழையின்றி ஓட வேண்டும். கையால் முடியாதென்றால் ஸ்கிரிப்ட் எழுதி இரவில் ஓட விடலாம். 29-ஐத் தொடாமல் டிக்கெட்டை மூட டெஸ்டர் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பது டீம் லீடின் பொறுப்பு.